அறிக்கையில் ‘டீனியா இன முட்டைகள்’ என்று மட்டும் இருந்தால்: எந்த நாடாப்புழு என்று எப்படி அறிவது?

கேள்வி: எங்கள் 9 வயது மகனுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் வலிப்பு வந்தது. ஸ்கேன் பார்த்த நரம்பியல் மருத்துவர், மூளையில் ஒரு சிறு நீர்க்கட்டி இருக்கிறது, அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் என்று சொன்னார். நாங்கள் சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்ததில், பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஒரு வருடத்துக்கு முன் திரும்பிய என் கொழுந்தனாருக்கு மட்டும் ‘டீனியா இன முட்டைகள் காணப்படுகின்றன’ என்று வந்தது. அங்கே இருந்தபோது மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இரண்டும் சாப்பிட்டதாகச் சொல்கிறார். மலத்தோடு வந்த ஒரு வெள்ளைத் துண்டை ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலினில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனை செய்தால்தான் எந்தப் புழு என்று தெரியும் என்கிறார் ஒருவர். எந்தப் புழுவானாலும் ஒரே மாத்திரைதானே, வீண் செலவு எதற்கு என்கிறார் இன்னொருவர். மாமியார் கொழுந்தனாருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்துவிட்டார். எங்கள் வீட்டு நாயும் அரிசிபோல் ஏதோ கழிக்கிறது. அதனால்தான் பையனுக்கு வந்தது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம். உங்கள் மகனுக்கு நரம்பியல் மருத்துவர் கொடுத்திருக்கும் மருந்துகளை ஒருவேளைகூட விடாமல் கொடுத்துவாருங்கள். அந்தச் சிகிச்சையில் அவர் சொல்வதே முடிவு. நான் ஒட்டுண்ணிகளை இனங்காணும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன். ஆகவே கொழுந்தனாரின் அறிக்கை, ஃபார்மலினில் இருக்கும் அந்தத் துண்டு, நாய் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு நிலைமையில் மரபணுப் பரிசோதனை வீண் செலவு அல்ல. ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று கொழுந்தனாருக்கு மருந்து கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் மாதிரியை முறையாக எடுத்து வைத்துவிட்டு, உடனே மருந்து கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை அது பன்றி நாடாப்புழுதான் என்று வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்.

டீனியா என்பது நாடாப்புழுக்களில் ஒரு பெரும்பிரிவின் பெயர். ‘டீனியா இன முட்டைகள்’ என்று எழுதி நிறுத்திவிட்ட அந்த ஆய்வாளர்மீது குறை இல்லை. நுண்ணோக்கியில் பார்த்து அதற்குமேல் யாராலும் எழுத முடியாது. டீனியா முட்டை ஏறக்குறைய உருண்டையானது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் குறுக்களவு அதில் 30 முதல் 40 பங்குதான் இருக்கும். வெளியே பழுப்பு நிறத்தில், சக்கரத்தின் ஆரங்கள்போல் கோடுகள் ஓடும் தடித்த ஓடு. உள்ளே ஆறு சிறு கொக்கிகளோடு ஒரு கரு. பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் முட்டையும் மாட்டு நாடாப்புழுவான டீனியா சாஜினேட்டாவின் முட்டையும் இப்படியேதான் இருக்கும். நாயின் குடலில் வாழ்ந்து மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும் எக்கினோகாக்கஸ் என்ற சிறு நாடாப்புழுவின் முட்டையும் இதே அச்சுதான். முப்பது வருடம் நுண்ணோக்கியில் கண்வைத்தவரும் இவற்றைப் பிரித்துச் சொல்ல மாட்டார்.

முட்டைகள் ஒன்றுபோல இருந்தாலும் அவற்றை விழுங்கினால் விளையும் கேடு ஒன்றல்ல. மாட்டு நாடாப்புழுவின் முட்டையை மனிதர் விழுங்கினால் ஒன்றும் ஆவதில்லை. அது மாட்டின் தசையில்தான் கட்டியாக வளரும். பன்றி நாடாப்புழுவின் முட்டையோ, பன்றியின் உடலில் செய்வதை மனிதரின் உடலிலும் செய்யும். குடலில் ஓடு கரைந்து, கரு வெளியேறி, இரத்தத்தோடு சென்று தசையிலும் கண்ணிலும் மூளையிலும் தங்கிவிடும். உங்கள் மகனுக்கு நேர்ந்திருப்பது இதுதான். வேகாத பன்றியிறைச்சியைத் தின்றால் வருவது குடலில் வாழும் புழு. மூளைக்கட்டி வருவது முட்டையை விழுங்குவதால். அதனால்தான் பன்றியிறைச்சியைத் தொட்டே பார்க்காத வீடுகளிலும் இந்த நோய் வருகிறது. நியூயார்க்கில் பன்றியிறைச்சியை அறவே விலக்கிய, ஆசாரமான யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு இதே மூளைக்கட்டி வந்த செய்தி 1992இல் மருத்துவ இதழில் வெளியானது. அந்த வீடுகளில் வேலை செய்தவர்களைப் பரிசோதித்தபோது ஒருவரின் குடலில் டீனியா புழு இருந்தது. நம் பக்கத்தில் வேலூர் மாவட்டத்தில் நடந்த பெரிய கணக்கெடுப்பு, அங்கே வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டியே காரணம் என்று காட்டியது. 2014இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் உணவு வழியாகப் பரவும் ஒட்டுண்ணிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வைத்ததும் டீனியா சோலியத்தைத்தான். ‘நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படி?’ என்று கேட்கும் பெற்றோர் பலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் குற்ற உணர்வோடும் கூச்சத்தோடும் இதை மறைக்க வேண்டியதே இல்லை.

இனி, ஃபார்மலினில் இருக்கும் துண்டு. நாடாப்புழுவின் உடல் நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கோத்த நாடா. வால்பக்கத்துத் துண்டுகள் முதிர்ந்து முட்டைகளால் நிறைந்ததும் கழன்று மலத்தோடு வெளியே வரும். பன்றி நாடாப்புழுவின் ஒரு துண்டுக்குள் 50,000 முட்டைகள் வரை இருக்கலாம். அப்படி ஒரு துண்டை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தி வெளிச்சத்தில் பிடித்தால், நடுவே ஒரு தண்டும் அதிலிருந்து இருபுறமும் பிரியும் கிளைகளும் தெரியும். முற்றிய புளிய இலையை வெயிலில் தூக்கிப் பிடித்ததுபோல் இருக்கும். அது முட்டைகள் நிறைந்த கருப்பை. ஒரு பக்கத்துக் கிளைகளை எண்ணினால் பன்றி நாடாப்புழுவில் பெரும்பாலும் 7 முதல் 13 வரையும், மாட்டு நாடாப்புழுவில் 12 முதல் 30 வரையும் இருக்கும். 8 என்று எண்ணினாலோ 22 என்று எண்ணினாலோ ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 12, 13 என்று வந்துவிட்டால் கை நின்றுவிடும். துண்டு சிதைந்திருந்தால் எண்ணவே முடியாது. ஃபார்மலினில் உள்ள துண்டு இந்த எண்ணிக்கைக்குப் பயன்படும் என்பதால் அதை எறிந்துவிடாமல், சாயமேற்றி எண்ணித் தரும்படி ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள்.

மரபணுப் பரிசோதனைக்கு அந்தத் துண்டை நம்ப வேண்டாம். ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும், ஆனால் மரபணுக்கள் அடங்கிய டி.என்.ஏ. இழைகளையும் புரதங்களையும் ஒன்றோடொன்று பிணைத்து, நாளடைவில் இழைகளைத் துண்டு துண்டாகவும் முறித்துவிடும். ஒருமுறை ஒரு மருத்துவமனையிலிருந்து இதேபோல் ஃபார்மலின் புட்டியில் வந்த துண்டை வைத்துக்கொண்டு நான் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும், டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் பலகையில் ஒரு பட்டைகூட விழவில்லை. அதற்குள் நோயாளி மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். அந்த வீட்டிலும் வலிப்பு வந்த ஒரு பெண் குழந்தை இருந்தாள். அந்தப் புழு எது என்ற கேள்விக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே கொழுந்தனாருக்கு மருந்து கொடுக்கும் முன் புதிய துண்டு ஏதாவது வருகிறதா என்று இரண்டொரு நாள் பார்க்கலாம். அதற்குமேல் காத்திருக்க வேண்டாம். துண்டு கிடைத்தால் கையுறை போட்டுக்கொண்டு, குச்சியாலோ இடுக்கியாலோ எடுத்துச் சுத்தமான நீரில் அலசி, மூடி இறுகிய சிறு பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, துண்டு நன்றாக மூழ்கும்படி எத்தனால் ஊற்ற வேண்டும். 70 விழுக்காடு போதும், 95 விழுக்காடு இன்னும் நல்லது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஆய்வுக்கூடமே எத்தனால் நிரப்பிய குப்பியைத் தந்துவிடும். அலசிய நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள், வாசலிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். துண்டு கிடைக்காவிட்டால் மலத்தையே சிறிதளவு எத்தனாலில் கலந்து வைக்கலாம். மலத்திலிருந்து டி.என்.ஏ. எடுப்பது கடினமான வேலை. முட்டையின் ஓடு சாமானியத்தில் உடையாது. மலத்தில் உள்ள பித்த உப்புகளும் வேறு சில பொருள்களும், டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். முறை தெரிந்த ஆய்வாளர்கள் நுண்மணிகளோடு சேர்த்துக் குலுக்கி ஓட்டை உடைத்து, தடுக்கும் பொருள்களைக் கழுவி நீக்கியபின் தொடங்குவார்கள். மருந்து கொடுத்தபின் மலத்தோடு வரும் பகுதிகளையும் எடுத்து வைக்கலாம். பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுத்தால் புழு பாதி கரைந்து வருவதுண்டு. அப்போது உருவத்தைப் பார்த்துச் சொல்ல எதுவும் மிஞ்சாது, டி.என்.ஏ. ஓரளவு மிஞ்சியிருக்கும்.

அந்தப் பரிசோதனையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். அறிக்கை கைக்கு வரும்போது அதைப் படிக்க உதவும். உயிரணுவின் கருவில் உள்ள டி.என்.ஏ. போக, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள்ளும் சிறிதளவு டி.என்.ஏ. இருக்கிறது. ஓர் உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பல இருப்பதால் அந்த டி.என்.ஏ.வின் படிகளும் பல இருக்கும். மாதிரி சிறிதாக இருந்தாலும் கிடைத்துவிடும் என்பதால் நாடாப்புழுக்களை இனங்காண்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் நாடுகிறார்கள். அதில் காக்ஸ்1 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மரபணு, ஒரே இனத்துக்குள் அதிகம் மாறாமலும் இனத்துக்கு இனம் போதுமான அளவு வேறுபட்டும் இருக்கிறது. 1992இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எக்கினோகாக்கஸ் புழுக்களை வகை பிரித்ததும் இந்த மரபணுவின் 366 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) கொண்ட ஒரு சிறு பகுதியைப் படித்துத்தான். டீனியா புழுக்களுக்கு 2004இல் ஜப்பானின் யமசாகி குழுவினர் ஒரே குழாயில் பிரித்துக் காட்டும் பி.சி.ஆர். முறை ஒன்றை அமைத்தார்கள். அதில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தனி நீளத்தில் டி.என்.ஏ. துண்டு பெருகும்: மாட்டு நாடாப்புழுவுக்கு 827 எழுத்துகள், ஆசியாவில் காணும் பன்றி நாடாப்புழு வகைக்கு 984, ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் காணும் வகைக்கு 720, டீனியா ஏசியாட்டிகா என்ற மூன்றாவது இனத்துக்கு 269. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் சிறிய துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். பட்டை நிற்கும் இடத்தைப் பார்த்ததும் புழுவின் பெயர் தெரிந்துவிடும். இன்னும் உறுதி வேண்டுமானால் அந்தத் துண்டின் எழுத்து வரிசையையே படித்து, ஜென்பேங்க் போன்ற பொதுத் தொகுப்பில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடுவார்கள்.

அந்த மூன்றாவது இனத்தின் கதை, இந்தப் பரிசோதனைகளுக்கு ஏன் தேவை வந்தது என்பதைக் காட்டும். தைவானின் மலைவாழ் மக்களிடம் மாட்டு நாடாப்புழு போன்ற ஒன்று நிறையக் காணப்பட்டது. அவர்களோ மாட்டிறைச்சி அதிகம் உண்பவர்கள் அல்ல, பன்றியின் ஈரலை வேகவைக்காமல் உண்டவர்கள். அந்தப் புழு பன்றியின் ஈரலில் வளர்வது என்று பின்னர் தெரிந்து, 1993இல் கொரிய ஆய்வாளர்கள் அதற்கு டீனியா ஏசியாட்டிகா என்று பெயரிட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் மூன்று இனங்களுமே ஒரே வட்டாரத்தில் இருப்பது மரபணுவால் தெரிந்தது. மாட்டு நாடாப்புழுவும் இந்த ஏசியாட்டிகாவும் தமக்குள் கலந்து பிறந்த புழுக்களும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவதால், அதை மட்டும் படித்தால் கலப்புப் புழுவைத் தூய இனம் என்று தவறாக எழுதிவிட நேரும். உயிரணுக் கருவின் மரபணுவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நீங்கள் அறிய விரும்புவது அது சோலியமா, அல்லவா என்பதைத்தான். அதற்கு இந்தச் சிக்கல் குறுக்கே வராது.

முடிவு வந்தபின் என்ன மாறும்? மாத்திரை மாறாது என்று சொன்னவர் அந்த அளவில் சரியாகத்தான் சொன்னார். மற்றவை மாறும். புழு சாஜினேட்டா என்று வந்தால், மகனின் கட்டிக்குக் காரணமான முட்டை கொழுந்தனாரிடமிருந்து வரவில்லை என்று ஆகிறது. வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு வெவ்வேறு நாள்களில் மூன்று முறை மலப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். முட்டைகள் தினமும் வெளியேறுவதில்லை, ஒருமுறை ‘இல்லை’ என்று வந்ததை வைத்து விட்டுவிட முடியாது. சோலியம் என்று வந்தாலும் வீட்டாரின் மலப் பரிசோதனை இதே முறைதான். அதோடு கொழுந்தனாரையும் ஒரு நோயாளியாகவே பார்க்க வேண்டும். தன் குடலில் உள்ள புழுவின் முட்டையைத் தானே விழுங்கித் தன் மூளையிலும் கட்டி வரவழைத்துக்கொள்ளும் ஆபத்து யாரையும்விட அவருக்குத்தான் அதிகம். அவருக்குத் தலைவலி, வலிப்பு, பார்வைக் குறைவு, தோலுக்கடியில் சிறு முடிச்சுகள் எதுவும் உண்டா என்று மருத்துவர் கேட்பார். ஒன்றையும் மறைக்கக் கூடாது. மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் பிராசிகுவாண்டல் கொடுத்தால் கட்டியைச் சுற்றி வீக்கம் ஏற்பட்டு வலிப்பைத் தூண்டக்கூடும். நிக்லோசமைடு என்ற இன்னொரு நாடாப்புழு மருந்து குடலிலிருந்து உடலுக்குள் ஏறாது என்பதால் சில நேரங்களில் மருத்துவர்கள் அதைத் தேர்வார்கள். எனவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து இதுவல்ல. பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையையும் இதற்கு நம்பக் கூடாது.

இப்போது உங்கள் வீட்டை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். முடிவு சோலியம் என்றே வந்தாலும், ‘இவரிடமிருந்துதான் பையனுக்கு வந்தது’ என்று அந்தப் பரிசோதனை நிரூபிக்காது. இந்தியாவில் காணும் பன்றி நாடாப்புழு ஆசிய வகையைச் சேர்ந்தது; கொழுந்தனாரின் புழுவும் அந்த வகை, ஊரில் வேறு யாரிடமேனும் இருக்கும் புழுவும் அந்த வகையாகவே இருக்கும். ஒப்பிட வேண்டுமானால் மகனின் மூளையிலுள்ள கட்டியிலிருந்தும் திசு வேண்டும். அதற்காக யாரும் அந்தக் கட்டியைத் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. விழுங்கிய முட்டை வலிப்பாக வெளிப்பட மாதங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். கொழுந்தனார் வீடு திரும்புவதற்கு முன்பே, கழுவாத கீரையிலோ வெளியே வாங்கித் தின்ற பண்டத்திலோ அது வந்திருக்கக்கூடும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பரிசோதனையின் எல்லை அவ்வளவுதான். யார் காரணம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக அதைச் செய்யாதீர்கள், இனி யாருக்கும் வராமல் தடுப்பதற்காகச் செய்யுங்கள்.

தனித் தட்டு எதையும் தடுக்காது. முட்டை பரவுவது அவர் சாப்பிட்ட தட்டிலிருந்து அல்ல, மலம் கழித்தபின் சரியாகக் கழுவாத கையிலிருந்தும் நகக்கண்ணிலிருந்தும். அவர் நகத்தை ஒட்ட வெட்டி, கழிவறையை மட்டும் பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவி, மருந்து முடியும்வரை மற்றவர்களுக்குச் சமைப்பதையும் பரிமாறுவதையும் குழந்தைக்கு ஊட்டுவதையும் தவிர்த்தால் போதும். மாமியாரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி அவர் கேட்காவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

கடைசியாக நாய். உங்கள் மகனின் மூளைக்கட்டிக்கு நாய் காரணம் அல்ல. முட்டையிடும் முதிர்ந்த பன்றி நாடாப்புழு இயற்கையில் மனிதரின் குடலில் மட்டுமே வாழ்கிறது. நாய் கழிக்கும் அரிசிபோன்ற துண்டு பெரும்பாலும் டிப்பிலிடியம் என்ற புழுவினுடையது. ஈரமாக இருக்கும்போது வெள்ளரி விதைபோல் நீண்டு சுருங்கி நகரும், காய்ந்தால் அரிசியாகிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு துளை தெரியும். டீனியா துண்டில் ஒரு பக்கம் மட்டும்தான் துளை. டிப்பிலிடியம் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. புழுமருந்து கொடுத்துவிட்டுத் தெள்ளுப்பூச்சியை விட்டுவைத்தால் சில வாரங்களில் திரும்பி வரும்.

ஆனாலும் கால்நடை மருத்துவரிடம் நாயின் மலத்தைக் காட்டிவிடுங்கள். அதில் டீனியா போன்ற முட்டை இருந்தால் எக்கினோகாக்கஸ் பற்றிய ஐயம் எழும். நம் நாட்டு ஆடு, மாடு, எருமைகளில் அந்தப் புழுவின் நீர்க்கட்டிகள் இருப்பதும், அவற்றில் பெரும்பாலானவை ஜி1, ஜி3 என்ற மரபணு வகைகளைச் சேர்ந்தவை என்பதும் ஆய்வுகளில் தெரிந்தவை. அறுத்த ஆட்டின் கட்டியுள்ள ஈரலையோ நுரையீரலையோ தின்ற நாய்க்கு அந்தப் புழு வரும். புழுவின் முழு நீளமே 2 முதல் 7 மில்லிமீட்டர் என்பதால் நாயின் மலத்தில் அது கண்ணில் படாது. முட்டையும் டீனியா முட்டைபோலவே இருப்பதால் அங்கேயும் பி.சி.ஆர்.தான் பிரித்துச் சொல்லும். சென்னை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒட்டுண்ணியியல் துறைகள் உள்ளன. உங்கள் கால்நடை மருத்துவர் வழியாக அங்கே கேட்கலாம். கொழுந்தனாரின் மாதிரியை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறை வழியாக அனுப்புவதே முறை.

குப்பியின்மேல் பென்சிலால் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பெயர், எடுத்த தேதி, மருந்துக்கு முன்பா பின்பா, எந்தத் திரவத்தில் இருக்கிறது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். மருந்து கொடுத்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துக் கொழுந்தனாருக்கு மறுபடியும் மலப் பரிசோதனை செய்யுங்கள். புழுவின் தலை மட்டும் குடலில் தங்கிவிட்டிருந்தால் அது மீண்டும் வளர்ந்து துண்டு கழிக்க ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும்.